இளமையில் முதுகு வலி: ஒரு நோயின் சரித்திரம்

நோய்களுக்கும் சரித்திரம் உண்டு. அம்மையும் காலராவும் பிளேக்கும் மக்கள் வாழ்வை மாற்றியமைத்த கதையைப் பல நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால், உயிரைக் கவராமல் உடனிருந்தே வருத்தும் நோய்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் சிலரே. முதுகு வலி அத்தகைய நோய்களுள் ஒன்று. அது அரசுகளைக் கவிழ்த்ததில்லை, ஊர்களைப் பாழாக்கியதில்லை. எனினும், இன்று உலகில் மனிதரைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களுள் முதலிடம் பெறுவது கீழ்முதுகு வலியே. 2020 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 61.9 கோடிப் பேர் இவ்வலியால் வருந்தினர் என்பது 2023 இல் வெளியான கணக்கு.

முதுகு வலியை முதுமையோடு சேர்த்து எண்ணுவது நம் வழக்கம். பாட்டனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் யாரும் வியப்பதில்லை. இருபத்தைந்து வயது இளைஞன் அவ்வாறு எழுந்தால், "இந்த வயதில் என்ன வலி?" என்று வீட்டார் கேட்கின்றனர், அலுவலகத்தார் ஐயுறுகின்றனர். கட்டில்லை, காயமில்லை, காய்ச்சலில்லை. முகத்தைப் பார்த்தால் நோயாளியாகத் தோன்றுவதுமில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பழமொழி. காய்ச்சலையாவது தொட்டுப் பார்த்து அறியலாம். முதுகு வலியைப் பிறர் அறிய வழியே இல்லை. இவ்வாறு நம்பப்படாமற் போவது இந்நோயின் வேதனைகளுள் ஒன்று. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

வலிக்கு மனிதர் இட்ட பெயர்களிலிருந்து தொடங்குவோம். ஏனெனில், ஒரு நோய்க்கு எப்பெயர் இடப்படுகிறதோ, அப்பெயருக்கு ஏற்பவே நோயாளி நடத்தப்படுகிறான். நம் நாட்டுப்புறத்தார் 'குறுக்கு வலி' என்பர். 'இடுப்புப் பிடிப்பு' என்பர். 'நாரிப்பிடிப்பு' என்ற பழைய வழக்கும் உண்டு. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியைச் சரக சங்கிதை 'கிருத்ரசி' என்று குறிக்கிறது. கிருத்ரம் என்பது கழுகு. அவ்வலியால் பீடிக்கப்பட்டவன் கழுகைப்போல் சாய்ந்து சாய்ந்து நடப்பான் என்பது பெயர்க்காரணம். இடுப்பு, தொடை, முழங்கால், கணைக்கால், பாதம் என்று வலி வரிசையாக இறங்குவதை அந்நூலார் நன்கு கண்டிருந்தனர். வாதத்தால் விளையும் நோய்கள் எண்பது எனக் கணக்கிட்டு, அவற்றுள் இதனையும் சேர்த்தனர். நோயின் நடையைக் கூர்ந்து கண்ட அவர்களுக்கு, அதன் இருப்பிடத்தைத் திறந்து காணும் வாய்ப்பு அக்காலத்தில் இல்லை.

அந்த இருப்பிடம் யாது? நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. முள்ளெலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற தூண். அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் ஒரு தட்டு அமைந்துள்ளது. இத்தகைய தட்டுகள் 23 உள்ளன. தட்டின் வெளிப்புறம் நார்களாலான வளையம். நடுவே நீர் நிறைந்த கூழ். இளமையில் அக்கூழில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. பகல் முழுதும் நின்றும் நடந்தும் இருப்பதால் தட்டுகள் சிறிது நீரை இழக்கின்றன. இரவிற் படுத்திருக்கும்போது அதனை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. காலையில் நம் உயரம் மாலையில் உள்ளதைவிடச் சிறிது கூடுதலாக இருப்பது இதனாலேயே. மேலும், வளர்ந்த மனிதனின் தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. குழந்தைப் பருவத்தில் இருந்த சிறு குழாய்களும் மறைந்துவிடுகின்றன. மேலும் கீழும் உள்ள எலும்புகளிலிருந்து மெல்லக் கசிந்து வரும் ஊட்டமே தட்டுக்கு உணவு. ஆதலின், உடலின் பிற உறுப்புகளுக்கு முன்னதாகவே தட்டில் வயதின் அடையாளங்கள் தோன்றத் தொடங்குகின்றன.

1543 ஆம் ஆண்டில் பதுவா நகரத்துப் பேராசிரியர் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூற்று நூலில் இத்தட்டுகள் இடம்பெற்றன. ஆயினும், தட்டுக்கும் வலிக்கும் தொடர்பு உண்டென்பது அதன்பின் நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. 1764 இல் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமெனிக்கோ கொத்துன்யோ, காலுக்கு இறங்கும் வலி இடுப்பு மூட்டிலிருந்து எழுவதன்று, நரம்பிலிருந்து எழுவது என்று பிரித்துக் காட்டினார். நரம்பைச் சூழ்ந்து தேங்கும் நீரே காரணம் என்று அவர் கருதியது பிழையாயிற்று. ஆனால், மூட்டு வலி வேறு, நரம்பு வலி வேறு என்ற அவரது பாகுபாடு நிலைத்துவிட்டது.

இன்று நம் ஊர் மருத்துவரிடம் சென்றாலும் அவர் நம்மைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்கிப் பார்க்கிறார் அன்றோ? இச்சோதனையை 1880 ஆம் ஆண்டில் விளக்கி எழுதியவர் செர்பிய நாட்டு மருத்துவர் லாசா லாசரேவிச். அவர் தம் நாட்டில் மருத்துவராக மட்டுமன்றிச் சிறுகதை ஆசிரியராகவும் புகழ் பெற்றவர். மறு ஆண்டில் பாரிஸ் நகரத்து லாசேக் என்பாரின் மாணவர் இதே சோதனையைத் தம் ஆசிரியர் பெயரால் வெளியிட்டார். பாரிஸின் குரல் பெல்கிரேடின் குரலைவிட உரத்து ஒலித்தமையால், சோதனைக்கு லாசேக்கின் பெயரே உலகெங்கும் நிலைத்தது.

இதற்கிடையே, நாம் முன்னர்க் குறிப்பிட்ட ஐயப்பாட்டின் கதை இங்கிலாந்தில் தொடங்கிற்று. ரயில் பாதைகள் பெருகிய காலம் அது, விபத்துகளும் பெருகின. எலும்பு முறிவோ காயமோ இல்லாத பயணிகள் பலர், விபத்துக்குப் பின் முதுகு வலியாலும் தளர்ச்சியாலும் வருந்துவதாகக் கூறி நஷ்டஈடு கோரினர். 1866 இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், இவர்களுடைய துன்பத்துக்குத் தண்டுவடத்தில் ஏற்பட்ட அதிர்ச்சியே காரணம் என்று எழுதினார். 'ரயில்வே முதுகு' என்ற பெயர் இதற்கு வழங்கலாயிற்று. 1883 இல் ரயில்வே கம்பெனி ஒன்றின் அறுவை மருத்துவரான ஹெர்பர்ட் பேஜ் இதனை மறுத்து, அச்சமும் மன அதிர்ச்சியுமே பெரும்பாலும் காரணம் என்றார். நீதிமன்றங்களில் இரு கட்சியாரும் மோதினர். கண்ணுக்குத் தெரியாத வலி உண்மையா, பொய்யா என்ற வினா, நோயாளியின் உடலை விட்டு வழக்கறிஞர்களின் வாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதுகு வலிக்காரனைச் சந்தேகக் கண்ணோடு நோக்கும் வழக்கத்துக்கு அவ்வழக்குகளும் உரமிட்டன எனலாம்.

வலி உண்மையே என்பதற்குக் கண்கூடான சான்று இருபதாம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. 1911 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் மிடில்டனும் டீச்சரும் ஒரு தொழிலாளியின் வரலாற்றை வெளியிட்டனர். பாரமான தகடு ஒன்றைத் தூக்கிய அளவில் அவன் முதுகில் ஏதோ முறிந்தாற்போல் உணர்ந்தான், கால்கள் செயலிழந்தன, சில நாட்களில் இறந்தான். பிண பரிசோதனையில், தட்டின் நடுக்கூழ் பிதுங்கி வந்து தண்டுவடத்தை அழுத்தியிருக்கக் கண்டனர். அதே ஆண்டில் பாஸ்டன் மருத்துவர் கோல்ட்வெயிட், இடம் பெயர்ந்த தட்டு இடுப்பு வலிக்கும் கால் வலிக்கும் காரணமாகலாம் என்று எழுதினார். 1920-களில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஷ்மோர்ல் என்பவர் இறந்தோரின் முதுகெலும்புகளை ஆயிரக்கணக்கில் அறுத்து ஆராய்ந்து, தட்டுகளின் சிதைவுகளை வகைப்படுத்தினார். 1929 இல் பால்டிமோர் அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி, தட்டிலிருந்து உடைந்த துணுக்கு கட்டிபோல் நரம்பை அழுத்திய இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். உண்மை பல வாசல்களில் நின்று கதவைத் தட்டிற்று, திறப்பார்தாம் இல்லை.

திறந்தவர்கள் பாஸ்டன் நகரத்து மாசச்சூஸெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த இருவர். ஒருவர் நரம்பு அறுவை வல்லுநர் மிக்ஸ்டர். மற்றவர் எலும்பு மருத்துவர் பார். 1932 இல், பனிச்சறுக்கு விளையாட்டில் அடிபட்ட பின் முதுகு வலியாலும் கால் வலியாலும் துன்புற்ற ஓர் இளைஞரைப் பார் தம் தோழரிடம் அனுப்பினார். மிக்ஸ்டர் அறுவை செய்து ஒரு துணுக்கை எடுத்தார். அக்கால வழக்கப்படி அது குருத்தெலும்புக் கட்டி எனக் கருதப்பட்டது. ஷ்மோர்லின் ஆராய்ச்சிகளை அறிந்திருந்த பார், அதைக் கட்டி என ஏற்கவில்லை. இருவரும் மருத்துவமனையிற் சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய துணுக்குகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். கட்டி என்று சீட்டு ஒட்டப்பெற்றவற்றுட் பல உண்மையில் தட்டின் சிதறல்களே எனத் தெளிவாயிற்று. 1934 ஆகஸ்டில் 19 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை வெளியாயிற்று. அன்று முதல் 'டிஸ்க்' என்ற சொல் மருத்துவர் வாயில் நுழைந்து, நாளடைவில் உலக மக்கள் யாவரும் அறிந்த சொல்லாயிற்று.

பெரும் கண்டுபிடிப்புகளுக்கு ஓர் இயல்பு உண்டு. தாம் விளக்கக்கூடியதை மட்டுமன்றி, விளக்க முடியாததையும் விளக்குவதாக அவை உரிமை கொண்டாடத் தொடங்கும். நரம்பை அழுத்தும் தட்டை அகற்றினால் கால் வலி தணிகிறது என்பது மெய். ஆனால், எல்லா முதுகு வலிக்கும் தட்டே காரணம், எல்லாத் தட்டுக்கும் கத்தியே மருந்து என்ற நம்பிக்கை இதனின்றும் வளர்ந்தது. அந்நம்பிக்கைக்கு ஆட்பட்டோருள் ஒருவர் பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி.

கென்னடிக்கு இளமை முதலே முதுகு வலி. 1941 இல் ராணுவம் அவர் முதுகைக் காரணம் காட்டி ஏற்க மறுத்தது. பின்னர்க் கடற்படையிற் சேர்ந்தார். 1943 ஆகஸ்டில் பசிபிக் கடலில் அவருடைய சிறு படகை ஜப்பானியக் கப்பல் மோதிப் பிளந்தபோது, முதுகு மேலும் துன்புற்றது. 1944 இல், தம் 27 ஆம் வயதில், தட்டுக்காக அறுவை செய்துகொண்டார். மருத்துவர்கள் எதிர்பார்த்த பிதுக்கம் பெரிதாக இல்லை, வலியும் தீரவில்லை. 1954 அக்டோபரில் நியூயார்க்கில் உலோகத் தகடு வைத்து எலும்புகளைப் பிணைக்கும் பெரிய அறுவை நடந்தது. புண்ணில் நஞ்சேறி உயிருக்கே ஆபத்து வந்தது. 1955 பிப்ரவரியில் அத்தகட்டை எடுக்க மற்றோர் அறுவை வேண்டியதாயிற்று. ஊன்றுகோலும் இடுப்புக் கச்சும் ஆடும் நாற்காலியும் அவருக்கு நெடுநாளைய துணைகளாயின. 1961 இன் இறுதியில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவர் வந்து, தசைகளை வலுப்படுத்தும் தேகப்பயிற்சியை முறையாகச் செய்வித்தார். அதன்பின் அவர் நிலை முன்னைவிடத் தேறியது. நான்கு அறுவைகளால் நேராத நன்மை பயிற்சியால் ஓரளவு நேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. அதிகாரமும் செல்வமும் தேர்ந்த மருத்துவர்களும் சூழ்ந்திருந்த ஒருவருக்கே இக்கதி என்றால், பிறரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்காலத்தில் எழுந்த மற்றொரு முயற்சி நமக்குச் சுவையூட்டுவது. பப்பாளிப் பாலில் இறைச்சியைக் குழையச் செய்யும் ஒரு பொருள் இருப்பதை நம் சமையலறைகள் அறியும். 1956 இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ் அப்பொருளை முயல்களின் உடலில் ஊசி வழியே செலுத்தினார். நிமிர்ந்திருந்த முயற்காதுகள் துவண்டு தொங்கின. சில நாட்களில் மீண்டும் நிமிர்ந்தன. காதின் குருத்தெலும்பு குழைந்து பின்னர் வளர்ந்ததே காரணம். இதனைக் கற்ற லைமன் ஸ்மித் என்ற எலும்பு மருத்துவர், பப்பாளியின் இனப்பொருள் ஒன்றைப் பிதுங்கிய தட்டினுள் செலுத்தினால் கூழ் கரையும் அன்றோ என்று எண்ணி, 1963 இல் மனிதருக்குச் செய்து பார்த்தார். கைமோபப்பெய்ன் எனப்பட்ட அம்மருந்துக்கு அமெரிக்க அரசு 1982 இல் அனுமதி வழங்கிற்று. பலர் நலம் பெற்றனர். ஆயினும், சிலருக்கு உடல் ஒவ்வாமையால் பேராபத்தும், அரிதாகத் தண்டுவடக் கேடும் நேர்ந்தன. மருத்துவர்கள் மெல்ல அதனைக் கைவிட்டனர். 2003 இல் அமெரிக்காவில் அதன் விற்பனையே நின்றுபோயிற்று.

இனி, எண்ணிப் பார்க்கும் காலம் வந்தது. 1983 இல் ஆஸ்லோ நகரத்து ஹென்ரிக் வெபர், தட்டுப் பிதுக்கத்தால் கால் வலியுற்றோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவையும் மற்றதற்கு அறுவையற்ற சிகிச்சையும் அளித்துப் பத்தாண்டுகள் கண்காணித்த முடிவை வெளியிட்டார். முதலாண்டில் அறுவை பெற்றோர் நிலை மேம்பட்டிருந்தது. நான்காம் ஆண்டில் வேறுபாடு குறைந்தது. பத்தாம் ஆண்டில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றாயினர். பிதுங்கிய பகுதி பல வேளைகளில் தானாகவே சுருங்கிவிடுகிறது என்பதும் பின்னர்ப் புலனாயிற்று. வலி தாங்கொணாதபோது விரைந்து தணிக்க அறுவை உதவும். ஆனால், காத்திருப்பதும் ஒரு சிகிச்சையே என்பது இதனால் விளங்கியது.

அடுத்து, படுக்கை ஓய்வு. முதுகு வலியென்றால் பலகையிற் படு, வாரக்கணக்கில் அசையாதே என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கட்டளை. 1986 இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டெயோவும் தோழர்களும் இரண்டு நாள் படுக்கையையும் ஏழு நாள் படுக்கையையும் ஒப்பிட்டனர். இரண்டு நாள் படுத்தோர் குறைவான நாட்களே வேலைக்கு வராமலிருந்தனர். மற்றபடி இரு சாராரும் ஒரே அளவில் குணமடைந்தனர். 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியரிடையே நடந்த ஆராய்ச்சி ஒருபடி மேலே சென்றது. புதிதாக வலி கண்டவர்களுள், படுக்கையில் வைக்கப்பட்டோரைவிட, வலி இடங்கொடுக்கும் அளவுக்கு வழக்கமான அலுவல்களைச் செய்து வந்தோரே விரைவில் தேறினர். நெடிய ஓய்வு தசையைத் தளர்த்தி, அச்சத்தை வளர்த்து, வலியை நீட்டிக்கிறது என்பதை உலக மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

எல்லாவற்றினும் வியப்பானது படத்தின் கதை. எக்ஸ்ரே 1895 இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால், அதில் எலும்பு தெரியுமேயன்றித் தட்டு தெரியாது. 1980-களில் எம்.ஆர்.ஐ. பரவிய பிறகு, அறுக்காமல் தட்டைத் தெளிவாகக் காணும் வாய்ப்பு வந்தது. வலியுள்ளோரின் படங்களில் தேய்வும் பிதுக்கமும் தெரிந்தன. "இதோ காரணம்!" என்று யாவரும் மகிழ்ந்தனர். 1994 இல் சிலர், முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு, அதாவது நூற்றுக்கு 52 பேர்க்கு, தட்டு புடைத்திருந்தது. 27 பேர்க்குப் பிதுங்கியிருந்தது. எல்லாத் தட்டுகளும் குறையின்றி இருந்தவர் நூற்றுக்கு 36 பேரே! 2015 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, வலியற்ற மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் படங்களைக் கணக்கிட்டது. தட்டுத் தேய்வு, இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேரிடமும், எண்பது வயதினரில் 96 பேரிடமும் காணப்பட்டது. நரையைப் போலவும் முகத்துச் சுருக்கத்தைப் போலவும் தட்டின் தேய்வும் வயதின் குறியே. அது சிலருக்கு முன்னதாக வருகிறது, அவ்வளவே.

ஏன் சிலருக்கு முன்னதாக வருகிறது? பாரம் சுமப்பதும் வண்டி ஓட்டுவதுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினோம். 1995 இல் பின்லாந்தின் இரட்டைப் பிறவிகளை ஆராய்ந்தவர்கள், சகோதரர் இருவர் வெவ்வேறு தொழில் புரிந்தும் தட்டுகளின் நிலை பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டனர். தொழிலின் பங்கைவிடப் பிறப்புவழிப் பங்கு பெரிது என்பது அவர்கள் முடிவு. ஆதலின், இளமையிலேயே தட்டு தேய்ந்தவன் தன் தவற்றால் அதனைத் தேடிக்கொண்டான் என்று பழிப்பது நியாயமன்று. புகைபிடித்தல், உடற்பருமன், அசையாது அமர்ந்திருத்தல் ஆகியவை நிலையை மோசமாக்கக்கூடும்; அவற்றைத் திருத்துவது நம் கையில் உள்ளது.

இவ்வாராய்ச்சியில் தமிழகத்தின் பங்கும் உண்டு என்பது நமக்குப் பெருமை தருவது. இரத்தம் செல்லாத தட்டுக்கு ஊட்டம் எவ்வாறு செல்கிறது என்பதைக் கோயமுத்தூர் முதுகெலும்பு அறுவை வல்லுநர் ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். படத்தில் ஒளிரும் ஒரு மருந்தை இரத்தத்தில் செலுத்தி, 24 மணி நேரம் அடுத்தடுத்துப் படமெடுத்தனர். சில நிமிடங்களில் எலும்பை நிறைத்த மருந்து, தட்டின் நடுவில் உச்ச அளவை எட்ட ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடித்தது. எலும்புக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய எல்லைத் தகடு பழுதுபட்டால் ஊட்டத்தின் ஒழுங்கு கெடுவதையும் காட்டினர். 2004 இல் வெளியான இவ்வாய்வு, இடுப்பு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான உலகச் சங்கத்தின் பரிசைப் பெற்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த இச்சரித்திரத்தின் ஓர் அத்தியாயம் நொய்யற்கரையில் எழுதப்பட்டது.

இவ்வளவும் கேட்டபின் ஒரு வினா எழும். படத்தில் தேய்வு கண்டும் வலியற்றோர் பலர் உளர் என்றால், வலியுள்ளவனின் வலி பொய்யா? அன்று, அன்று. ரயில்வே கம்பெனியாரின் பழைய வாதத்துக்கு நாம் திரும்பிச் செல்லவில்லை. வலி மெய், படம் மட்டுமே அதன் அளவுகோல் அன்று என்பதே நாம் கற்றது. தட்டு, மூட்டு, தசை, நரம்பு ஆகியவற்றோடு உறக்கமின்மையும் மனக்கவலையும் தொழில் நெருக்கடியும் அஞ்சி ஒடுங்குதலும் சேர்ந்து வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. 1987 இல் ஸ்காட்லாந்தின் கார்டன் வாடெல் என்ற எலும்பு மருத்துவர் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். அறுவைக் கத்தி ஏந்திய ஒருவரே, உடலோடு மனத்தையும் வாழ்வையும் சேர்த்து நோக்குங்கள் என்று சொன்னது குறிப்பிடத்தக்கது.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட முதுகு வலிக்கு வழிமுறைகளை வெளியிட்டது. நோயைப் பற்றிய அறிவூட்டல், தேகப்பயிற்சி, கைம்முறைச் சிகிச்சை, உளவியல் முறைகள், தேவைக்கேற்ற வலி மருந்து ஆகியவற்றை அது கூறுகிறது. இடுப்புக் கச்சு, எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, அபின் வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாக அளித்தல் வேண்டா என்கிறது. நம் நாட்டில் முதுகு வலி என்றதும் கச்சை வாங்கிக் கட்டுவோர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வறிவுரையின் தேவை விளங்கும்.

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் இளைஞர்க்கு இவ்விஷயம் நெருக்கமானது. பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் தொடக்க காலத்தில் தட்டச்சுப் பொறியின் முன்னும் கணக்குப் பேரேட்டின் முன்னும் குனிந்திருந்தோரின் வழித்தோன்றல்கள், இன்று பெங்களூரிலும் புனேயிலும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கின்றனர். கட்டிட வேலையிலும் பட்டறைகளிலும் பாரம் தூக்குவோரும் பலர். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுக்கத் தாயும் பாட்டியும் அருகில் இல்லை. விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையும். ஊருக்குச் செல்ல இரண்டு நாள் ரயிலில் அமர வேண்டும். திருமணப் பேச்சு நடக்கும் வயதாதலால், வலியை வெளியிற் சொல்லவும் தயக்கம். பெண்களுக்கோ இத்தயக்கம் இருமடங்கு.

மொழியும் ஓர் இடையூறாகிறது. தமிழில் நாம் குத்தல் என்போம், குடைச்சல் என்போம், இழுப்பு, எரிச்சல், மரமரப்பு, விண்விண் என்று தெறித்தல் எனப் பிரித்துரைப்போம். அயல் மொழி மருத்துவர் முன் இவை யாவும் "தர்த்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால், நோயறிவதற்கு இப்பாகுபாடே இன்றியமையாதது. இடுப்போடு நிற்கும் குடைச்சல் வேறு. கணைக்கால் தாண்டிப் பாதம் வரை பாயும் எரிச்சல் வேறு. ஆதலின், வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எப்போது கூடுகிறது, எதனால் தணிகிறது என்பவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வதும், மொழியறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைப்பதும் நலம்.

காத்திருக்கலாகாத குறிகள் சிலவற்றையும் சொல்லிவிடுதல் கடமை. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமற் போதல், அல்லது சிறுநீர் வெளிவராமல் தடைப்படுதல், இரு தொடைகளின் உட்புறத்தும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு மரத்துப்போதல், கால் வலுவிழந்து பாதம் தொங்குதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும். காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் கூடிய முதுகு வலியையும் புறக்கணித்தல் கூடாது. எலும்புருக்கி நோய் முதுகெலும்பைத் தாக்குவது நம் நாட்டில் அரிதன்று. காலையில் எழும்போது நெடுநேரம் விறைத்து, நடமாட நடமாடத் தணியும் வலி இளைஞர்க்கு மாதக்கணக்கில் நீடித்தால், அது வேறு வகை வாத நோயாக இருத்தல் கூடும். அதற்குத் தனி மருந்து உண்டு.

இக்குறிகள் இல்லாத மற்றையோர்க்கு, 'தட்டு தேய்ந்துவிட்டது' என்ற சொல் ஆயுள் தண்டனையன்று. ஒரு நாளில் சிறிது தூரம் நடந்து, மறுநாள் சிறிது கூட்டி, அமர்ந்த இடத்தினின்றும் அடிக்கடி எழுந்து, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை ஒழுங்காகச் செய்து வருவோருட் பெரும்பாலோர், வலி முற்றும் அகலாவிடினும், வலியோடு தம் வாழ்வை நடத்தும் ஆற்றலைப் பெறுகின்றனர். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். கெட்ட நாள் வந்ததனால் நல்ல நாள்களின் உழைப்பு வீணாயிற்று என்று கருத வேண்டுவதில்லை.

உடன் வாழ்வோர்க்கும் அலுவலக மேலாளர்க்கும் நாம் கூற விரும்புவது ஒன்றே. கழுகு நடை என்று பெயரிட்டவர்கள் நோயாளியை நெடுநேரம் நின்று கவனித்தனர். பின்னர் வந்த கருவிகள் முதுகின் உட்புறத்தைக் காட்டின. ஆனால், அவனுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதைக் காட்டும் கருவி இன்றும் இல்லை. அதனை அறிய, அவனையே கேட்க வேண்டும். அவன் சொல்வதை நம்பவும் வேண்டும்.